மகாராணியின் முகத்தில் கட்டிய படங்கு

இதனால் கண்டி மாநகர எல்லைக்குள் வசிக்கும் சகலருக்கும், கடல் கடந்து வசிக்கும் என் ஒரே மகனுக்கும் அறியத்தருவது யாதெனில், உன் அம்மா தை மாதம் முதல் பின்னிவந்த கம்பளித் தொப்பி நேற்றுப் பிற்பகல் எவ்வித உயிர்ச்சேதமும் இன்றி முடிவுற்றது. மாசி வெயில் நம் கட்டுக்கலைப் பக்கத்துக் கூரைத் தகரங்களில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அளவு பார்ப்பதற்காக அத்தொப்பி என் தலையில் வைக்கப்பட்டது. பிறக்கப்போகிற பிள்ளையின் தொப்பிக்கு என் தலை எப்படி அளவாகும் என்று நியாயமாகத்தான் கேட்டேன். “உள்ள இருக்கிறத வச்சுப் பாத்தா ரெண்டு தலையும் ஒண்ணுதான்” என்று உன் அம்மா சொன்னாள். தொப்பி என் உச்சியில் ஓர் இட்லியைப் போல உட்கார்ந்தது. அந்த நிலையில் பால்காரர் வந்தார், பார்த்தார், பாலை வைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

சிரித்து முடித்துவிட்டாயா? இனி விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் நீ போன் பண்ணியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இன்னும் மூன்று வாரத்தில் பிள்ளை பிறக்கப்போகிறது, ஆஸ்பத்திரிக்கு ஹைவேயில் ஒரு மணி நேர ஓட்டம், வெளியே மூக்கை நீட்டினால் மூக்கு நமக்குச் சொந்தமில்லை, இந்த நேரம் பார்த்துக் கார் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்றாய். அதையும் வீட்டில் சீனி முடிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாய். நீ சின்ன விஷயம்போலச் சொல்வதெல்லாம் பெரிய விஷயம் என்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். கனடா என்றால் கன ஆடை என்று நீ புறப்பட்ட அன்றைக்கே கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்துச் சொன்னேன். நீ சிரித்தாய், உன் அம்மா முறைத்தாள். பெரிய ஆட்கள் நாலு உடுப்பைப் போட்டுக்கொண்டு சமாளித்துவிடலாம். ஆனால் பிள்ளைக்கு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மூச்சு விடுகிற மூக்கு வெளியேதான் இருக்கவேண்டும். பிறந்து இரண்டு மூன்று நாளான பிள்ளையை அந்தக் காரில் வைத்து ஒரு மணி நேரம் கொண்டுவரப் போகிறாய். இந்தக் கடிதத்தில் முக்கியமான விஷயம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் வாய்.

எழுதி முடித்ததும் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். தபாலில் போட்டால் உன் பிள்ளையே எழுத்துக்கூட்டி வாசிக்கிற வயதில்தான் வந்து சேரும். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ ‘ஆமாப்பா, ஆமாப்பா’ என்பாய், காது வேறு எங்கோ இருக்கும். எழுத்தில் இருந்தால் இரண்டாம் தடவையும் பார்ப்பாய். வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்ல இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை, கொஞ்சம் எழுதிக்கொண்டு போனால் வருமா என்று பார்க்கிறேன்.

கார் விஷயத்தில் உன் அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் நான் தெரியப்படுத்தாமல் விட்டதில்லை. உதிரிப்பாகக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் அரை ஆயுளை நின்றே கழித்தவன் நான். அந்தக் காலத்தில் வருகிறவர்களில் பாதிப்பேருக்குச் சாமானின் பெயர் தெரியாது. வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார்கள். ஒருத்தர் ‘கிர்ர்’ என்பார், ஒருத்தர் ‘டக்கு டக்கு’ என்பார், கெலிஓயாவிலிருந்து வருகிற ஒரு லொறிக்காரர் பூனை அழுவதுபோல அழுதே காட்டுவார். நான் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ராக்கையில் கையைவிட்டு ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைப்பேன். தொண்ணூறு வீதம் சரியாக இருக்கும். மீதிப் பத்து வீதத்துக்கு அவர்கள் சரியாக அழவில்லை என்று சொல்லிவிடுவேன். இந்தப் பெருமையை நீ உன் கூட்டாளிகளிடம் சொல்லித் திரிந்ததும் எனக்குத் தெரியும். ‘எங்க அப்பா சத்தத்தைக் கேட்டே சொல்லிருவார்’ என்று நீ முற்றத்தில் நின்று அளந்துகொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று காதுகுளிரக் கேட்டிருக்கிறேன்.

நீ பிறப்பதற்கு முன்னால் நம்மிடம் இருந்த காரைப் படத்தில்தான் பார்த்திருப்பாய். தோட்டத்துத் துரை ஒருவர் சீமையிலிருந்து கொண்டுவந்து, அவர் ஊருக்குப் போனபிறகு கை மாறி, கை மாறி, கடைசியில் ஏமாறுவதற்கு ஆள் இல்லாமல் என்னிடம் வந்த கார் அது. இங்கிலாந்திலிருந்து வந்ததால் நான் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தேன். அவளுக்கு எல்லாம் கிழடு தட்டிவிட்டாலும் ஹீட்டர் மட்டும் இளமையாக இருந்தது. கண்டியில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பாய். அந்த வயதில் எனக்கு அதன் உபயோகம் நன்றாகத் தெரியும். எங்கள் கடை மனேஜரை வத்தேகமவில் ஒரு கல்யாணத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். மனிதர் கோட், டை, வாசனை எண்ணெய் சகிதம் ஏறினார். ஜன்னலைத் திறந்தால் தலைமயிர் கலைந்துவிடும் என்று அவரே அடைத்துவைத்தார். நான் நல்ல பிள்ளையாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, காலுக்குப் பக்கத்திலிருந்த ஹீட்டர் பிடியை மெல்ல இழுத்துவிட்டேன். கட்டுகஸ்தோட்டையில் டை இறங்கியது. மடவளையில் கோட் இறங்கியது. வத்தேகம கடைகள் தெரியத் தொடங்கும்போது அவர் என் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்து, “டேய், எனக்குக் காய்ச்சலாடா? தொட்டுப் பாரு” என்றார். தொட்டுப் பார்த்தேன். “கொஞ்சம் இருக்கு சேர். பொண்ணு வீட்ல சொல்ல வேணாம்” என்றேன். அவர் அன்று பந்தியில் வெறும் ரசம் மட்டும் குடித்தார். எனக்கு இன்றுவரை அந்தக் கல்யாணச் சாப்பாட்டை நினைத்தால் இரண்டு பங்கு ருசி.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்தது என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். நான் அதைக் கெடுத்தது அதற்குப் பிறகு. குருநாகலிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கலகெதர ஏற்றத்தில் மகாராணி கொதித்துவிட்டாள். ஒரு தடவை அல்ல, போகும்போதெல்லாம். மலைநாட்டில் கார் கொதித்தால் எல்லாரும் செய்கிற ஒரு வைத்தியம் இருக்கிறது. என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்கள், தெர்மோஸ்டாட் என்று பெயர். என்ஜின் சூடு பிடிக்கும்வரை அது மூடியே இருக்கும், சூடு போதுமான அளவு ஏறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்குக் குளிரப்போக விடும். நம் ஊரில் எந்தக் கராஜுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கழற்றி எறிவார்கள். கதவே இல்லாவிட்டால் தண்ணீர் எந்த நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும், கொதிக்காது. நானும் கழற்றினேன். அதற்குத் தெருமோசடி என்று பெயரும் வைத்தேன். தெருவில் வைத்து நம்மை மோசம் பண்ணுகிற சாமான் அல்லவா. அதற்குப் பிறகு மகாராணி கலகெதர ஏற்றத்தைப் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினாள். கவுண்டருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்த வைத்தியத்தை நான் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ பிறந்தாய். தலைப்பிள்ளை அம்மா வீட்டில் பிறக்கவேண்டும் என்பது நம் வழக்கம். உன் அம்மா வீடு கந்தப்பளைக்கு மேலே, மேகம் தோட்டத்து லயத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற உயரத்தில். மூன்றாம் மாதம் நாள் பார்த்துத்தான் பிள்ளையைத் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். மார்கழியில் ஆகாது என்று தள்ளிப்போட்டதில் நாள் தையில் வந்து விழுந்தது. தை மாதம் அந்தப் பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், தேயிலைக் கொழுந்து பனியில் கருகும். இன்னொரு நாள் பார்க்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். பஸ்ஸில் போகவேண்டிய பிள்ளையா நீ? உன் அப்பனிடம் ஹீட்டர் வைத்த கார் இருக்கிறது. போகும்போது ஏற்றம் முழுக்கச் சின்னக் கியரில் என்ஜின் மூச்சுமுட்ட இழுத்ததால் ஹீட்டரும் ஜோராகச் சூடு கக்கியது. றம்பொடை வளைவுகளில் நான் சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் உன் பெரியம்மா கொழுந்து மலையிலிருந்து நேரே வந்து நின்றாள், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குகூட அவிழ்க்கவில்லை. காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்ன கண்டி மாப்புள, ஒங்க மகாராணி எம்புள்ளைய வெறைக்க வச்சிராதே?” என்று கேட்டாள். நான் அவளுடைய கையைப் பிடித்து ஹீட்டர் வாயில் வைத்துக் காட்டினேன். “ஆத்தாடி, அடுப்புல்ல” என்றாள். பிறகு அந்தப் படங்கை அவிழ்த்து, காரின்மேல் ஏற்றிய பிள்ளைச் சாமான் பெட்டி நனையாமலிருக்க அதன்மேல் போட்டுக் கட்டிவிட்டாள்.

இறக்கத்தில்தான் மகாராணி தன் குணத்தைக் காட்டினாள். நுவரெலியா தாண்டி லபுக்கலைப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் என்ஜினுக்கு வேலை இல்லை, கார் தன்பாட்டுக்கு உருளுகிறது. கதவு இல்லாத தண்ணீர் பனிக்காற்றில் ஓடி ஓடி ஐஸாகிவிட்டது. ஹீட்டர் வாயிலிருந்து வந்த காற்று முதலில் மந்தமானது, பிறகு குளிர்ந்தது. குளிருது என்று உன் அம்மா சொன்னாள். நான், இப்போது சூடாகிவிடும் என்றேன். வளைவு திரும்பியதும் மறுபடி சொன்னாள். நான் அதையேதான் சொன்னேன். விசிறியைக் கூட்டிவைத்தேன், குளிர்காற்று வேகமாக வந்தது. அதுதான் என் திறமை. மூடுபனியில் முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்கம்கூடத் தெரியவில்லை. நீ நுவரெலியாவிலிருந்தே அழுதுகொண்டு வந்தாய், கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சுக் குரலில், விடாமல். றம்பொடைக்கு மேலே ஓர் இடத்தில் நீ அழுகையை நிறுத்தினாய். பிள்ளை தூங்கிவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம். கண்ணாடியில் பார்த்தேன், உன் அம்மா உன் காலுறையைக் கழற்றிப் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “காரை நிப்பாட்டுங்க” என்றாள். சத்தம் போடவில்லை. “இவன் தூங்கல. குளிர்ல சோந்து போயிட்டான். நிப்பாட்டுங்க.”

அவள் உன்னைத் தன் ரவிக்கைக்குள் விட்டு, நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, மேலே சேலை, கம்பளி, என் கோட் எல்லாவற்றையும் போட்டு மூடிக்கொண்டாள். நான் பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு மழையிலும் பனியிலும் நின்றேன். மகனே, கவுண்டருக்குப் பின்னால் நின்று மற்றவன் காருக்கு வைத்தியம் சொல்வது வேறு, உள்ளே தன் பிள்ளை சத்தமில்லாமல் கிடக்கும்போது பொனட்டுக்குள் பார்ப்பது வேறு. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், ஆற்றுக் கல்லைப்போலக் குளிர்ந்து கிடந்தது. என்ஜினைத் தொட்டேன், அதுவும் இளஞ்சூடுதான். அப்போதுதான் விளங்கியது. நான் கழற்றி எறிந்த கதவு இருந்திருந்தால் இந்தக் குளிருக்கு அது மூடியே இருந்திருக்கும். கதவில்லாத வீட்டில் சூடு எப்படித் தங்கும்? உடனே பெட்டியின்மேல் கிடந்த உன் பெரியம்மாவின் படங்கை உருவி, மகாராணியின் முகத்தில், காற்று உள்ளே போகிற கம்பி வரிகளின்மேல், இரண்டு மடிப்பாகப் போட்டு இறுகக் கட்டினேன். பனிக்காற்று ரேடியேட்டரில் படாமல் மறைத்துவிட்டு, என்ஜினை ஓடவிட்டு உறுமவைத்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது சூட்டுமுள் அசைந்தது. ஹீட்டர் வாயில் கையை வைத்தேன். மாட்டின் மூச்சுபோல ஒரு சூடு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்பளி மூட்டைக்குள்ளிருந்து நீ தும்மினாய், பிறகு அழத்தொடங்கினாய். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான ஹார்ன் சத்தத்தை நான் கேட்டதில்லை. உன் அம்மா அப்போதுதான் அழுதாள்.

இதுவரை வந்த கதையை, நான் கதவைக் கழற்றிய பகுதி நீங்கலாக, நீ எத்தனையோ தடவை கேட்டிருப்பாய், படங்கு கட்டிய வீரனாக நான் நிற்கிற இடத்தில் நிறுத்திவிடுவேன். மிச்சத்தையும் கேள். உன் அழுகையைக் கேட்ட சந்தோஷத்தில் படங்கை நான் மறந்தே போனேன். புசல்லாவை, கம்பளை எல்லாம் தாண்டி வெயிலுக்குள் வந்துவிட்டோம், மகாராணி இன்னும் முகத்தை மூடிக்கொண்டே ஓடுகிறாள். கெலிஓயாக் கடைத்தெருவுக்கு நடுவில், சந்தைக்கு வந்த சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, புகைவண்டிபோல ஆவியை விட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் வாளித் தண்ணீரோடு வந்து காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “புள்ளைக்குப் போத்தினது செரி. காருக்கு எதுக்கு வாப்பா போத்தி ஈக்கிது?” என்றார். நான் வீம்புக்கு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். வேணாம், ஆறட்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கொதிநீர் என் இடது மணிக்கட்டில் அடித்தது. ‘மெக்கானிக் வேலையில் வாங்கிய விழுப்புண்’ என்று உனக்குக் காட்டுவேனே, அந்தத் தழும்பு அதுதான். பெரியவர் காயத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார், உன் அம்மாவுக்குக் கடைக்குள் கதிரை போட்டுக் கொடுத்தார், உன்னைப் பார்த்து, “வாப்பாவ நம்பிக் கார்ல ஏறாதீங்க மகன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கடைச்சந்தியில் சிரிப்பு எழுந்தது. நீயும் சிரித்ததாக உன் அம்மா சாதிக்கிறாள். மூன்று மாதப் பிள்ளை சிரிக்கும்தான், விளங்கியா சிரிக்கும்?

ஆகவே உன் கார் விஷயத்தில் முதல் புத்தி, சூடாக இருக்கும்போது எந்த மூடியையும் திறக்காதே. காலையில் என்ஜின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது திறந்து தண்ணீர் மட்டம் பார். அந்த ஊரில் வெறும் தண்ணீர் ஊற்றக்கூடாது, உறைந்துவிடும், அதற்கென்று விற்கிற பச்சையோ சிவப்போ எது உன் காருக்குச் சொல்லியிருக்கிறதோ அதைத்தான் ஊற்றவேண்டும். மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. காலடி விரிப்பைத் தூக்கிப் பார், ஈரமும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டருக்குள்ளேயே ஒழுகுகிறது என்று அர்த்தம், அதை உடனே கராஜில் காட்டு. பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஹீட்டருக்குள் போகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் புறங்கையால் பட்டும் படாமல் தொட்டுப் பார். விசிறிப் பக்கம் கையைக் கொண்டுபோகாதே. ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் உள்ளே அடைப்பு. இரண்டும் நல்ல சூடு, ஆனால் உள்ளே குளிர்காற்றுத்தான் வருகிறது என்றால் தண்ணீரில் குற்றமில்லை, சூட்டையும் குளிரையும் மாற்றிவிடுகிற பலகை சிக்கியிருக்கிறது. கார் நிற்கும்போது குளிர்ந்து, என்ஜினை முறுக்கினால் மட்டும் சூடு வந்தால் தண்ணீர் குறைவு, அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கிறது. இந்த நாலையும் பார்த்தாலே பாதிக் கார்களின் நோய் தெரிந்துவிடும். எவ்வளவு அழகாக எழுதிவிட்டேன் பார், கடையிலேயே இப்படி எழுதித் தொங்கவிட்டிருக்கலாம்.

ஆனால் உன் காருக்கு இந்த நாலும் இல்லை. அது எனக்கு நீ போனில் சொல்லும்போதே தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் நிற்கும்போது கொஞ்சம் இளஞ்சூடு வருகிறது, ஹைவேயில் ஏறி ஓட ஓடக் குளிர்ந்துபோகிறது என்றாய். சூட்டுமுள்ளும் மேலே ஏறுவதே இல்லை என்றாய். நான் றம்பொடையில் நின்ற அதே நோய். நீ பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் மருமகளிடம், “பயப்படாத, அப்பாகிட்ட கேட்டாச்சு, அவருக்குச் சத்தத்தைக் கேட்டாலே தெரியும்” என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. அதைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றினேன். தண்ணி மட்டத்தைப் பாரு என்றேன், விவரமாக எழுதுகிறேன் என்றேன், போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் பேசி முடித்துவிட்டு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அன்னைக்கி இவன் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றாள். நானே சொல்கிறேன் என்று இரண்டு நாள் தவணை வாங்கியிருக்கிறேன். தவணை இன்றைக்குச் சாயந்தரத்தோடு முடிகிறது.

போன கோடையில் நீ போன் பண்ணி, புதிதாக வாங்கிய பழைய கார் சூடாகிறது, முள் சிவப்புக்குப் போகிறது என்றாயே, அன்று நான் சாய்மனைக் கதிரையில் படுத்து, விசிறியைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, பெரிய வைத்தியர்போல உனக்கு மருந்து சொன்னேன். அந்தத் தெருமோசடியைக் கழற்றி எறி, பிறகு எந்த மலையும் ஏறும் என்றேன். நீயும் உன் கூட்டாளியும் சனிக்கிழமை உட்கார்ந்து கழற்றி எறிந்துவிட்டு, முள் இறங்கிவிட்டது, அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று திரும்பவும் போன் பண்ணினீர்கள். நான் அன்றைக்கு இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டேன். நீ இப்போது அதை மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. பிள்ளைக்குக் குளிரப்போகிற அந்தக் காரில் ஒரு பழுதும் இல்லை மகனே, உன் அப்பன்தான் பழுது. றம்பொடையில் நின்று படித்த பாடத்தைக் கெலிஓயாவுக்கு வருவதற்குள் மறந்தவன், கண்டி வெயிலில் படுத்துக்கொண்டு கனடாக் காருக்குக் கதவில்லாமல் பண்ணிவிட்டேன். நாளைக்கே நல்ல கராஜ் ஒன்றுக்குப் போய்ப் புதிய தெர்மோஸ்டாட் போட்டுக்கொள், முதலில் எதனால் சூடானது என்பதையும் அவர்களிடமே பார்க்கச் சொல். என்னிடம் கேட்காதே. சனிக்கிழமை வரும்வரையும் காத்திருக்காதே. அந்த மெக்கானிக் உள்ளே பார்த்துவிட்டு, இந்தக் குளிர் நாட்டில் எந்த மடையன் இதைக் கழற்றினான் என்று கட்டாயம் கேட்பான். கூட்டாளியின் தலையில் போடாதே, முன்னால் வைத்திருந்தவனையும் இழுக்காதே. எங்க அப்பா என்றே சொல்.